வெள்ளித் தலை, செம்புக் கால்

திருமுல்கேரி, செகந்திராபாத்

அன்புள்ள தம்பி,

சேலம் சிவதாபுரத்திலிருந்து நீங்கள் எழுதிய நாலு பக்கக் கடிதம் கிடைத்தது. அப்பா காலத்தில் ஆறு பேர் உட்கார்ந்து வேலை செய்த கொலுசுப் பட்டறையில் இப்போது நீங்களும் அம்மாவும் மட்டும்தான் என்று எழுதியிருந்த இடத்துக்கு மேல் சற்று நேரம் படிக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் உங்கள் கேள்வி வருகிறது. "சோலார் கம்பெனிக்காரர்கள் செம்புக்கு மாறுகிறார்கள், ஆறு மாதத்தில் வெள்ளி பாதி விலைக்கு வந்துவிடும், அதுவரை கடன் வாங்கியாவது தாக்குப்பிடி" என்று உங்களுக்கு வெள்ளி கொடுக்கும் வியாபாரி சொல்கிறார். அதை நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

நாளைய விலையை நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். ஆனால் செம்பு வருகிறது, ஆகவே வெள்ளி இறங்கும் என்ற அந்தக் கணக்கை மட்டும் நம்பிக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன். வெள்ளியைக் கழற்றிவிட்டுச் செம்பைப் போடும் வேலையை நானே ஒரு காலத்தில் செய்திருக்கிறேன்.

1990-களில் இங்கே ஒரு தொழிற்சாலையில் ரிலே தயாரிக்கும் பிரிவில் இருந்தேன். ரிலே என்பது ஒரு சுவிட்ச்தான். விரல் அழுத்தும் வேலையைக் காந்தம் செய்யும். இரண்டு சின்னப் புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் ஓடும், விலகினால் நிற்கும். அந்தப் புள்ளிகள் வெள்ளி. மிளகை விடச் சிறியவை. லட்சக்கணக்கில் செய்யும்போது மிளகுக்கும் விலை உண்டல்லவா? வெள்ளிப் புள்ளிக்குப் பதில் வெள்ளி முலாம் பூசிய செம்பு போடலாம் என்று மேலிடம் முடிவு செய்தது. மின்சாரத்தைக் கடத்துவதில் செம்பு வெள்ளியை விட நூற்றுக்கு ஆறு பங்குபோலத்தான் குறைவு. ஏட்டில் பார்த்தால் வித்தியாசமே இல்லை. சோதனை மேசையிலும் எல்லாம் நன்றாகவே ஓடின.

எட்டாவது மாதம் சரக்குத் திரும்பி வந்தது. புள்ளிகள் கருகியிருந்தன. சில ஒன்றோடொன்று ஒட்டியே போயிருந்தன. ஒவ்வொரு முறை விலகும்போதும் ஒரு சின்னப் பொறி பறக்கும். அந்தப் பொறி முலாமைத் தின்றுவிட்டது. அடியில் இருந்த செம்பு காற்றுப் பட்டுக் களிம்பேறியது. செம்பின் களிம்பு மின்சாரத்தை மறிக்கும். மறித்த இடம் சூடாகும், சூடேறச் சூடேறக் களிம்பு தடிக்கும். வெள்ளி அப்படிப்பட்டதல்ல. அதன் ஆக்சைடு சூட்டில் தானாகவே பிரிந்து மறுபடி வெள்ளியாகிவிடும். பொறி பட்டாலும் தன்னைத் துடைத்துக்கொள்ளும் உலோகம் அது. நாம் வெள்ளிக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இந்தக் குணத்துக்குத்தான், வெறும் கடத்தும் திறனுக்கு இல்லை.

கடைசியில் என்ன செய்தோம் என்றால், புள்ளியின் தலை மட்டும் வெள்ளி, கால் செம்பு. இரண்டையும் அழுத்தி ஒன்றாக்கிய ஆணி. உலகம் முழுக்க இன்றும் அதுதான் வழக்கம். வெள்ளி போகவில்லை, மெலிந்தது. மாற்று உலோகம் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த ஆணிதான் நினைவுக்கு வரும்.

சோலாரிலும் இன்றைக்கு நடப்பது ஏறக்குறைய இதே கதை. ஐதராபாத்துக்குத் தெற்கே மகேஸ்வரம் பக்கம் பிரீமியர் எனர்ஜீஸ் போன்ற நிறுவனங்கள் சிலிக்கான் தகட்டிலிருந்து சோலார் செல் செய்கின்றன. கருநீலத் தகட்டின் மேல் மயிரிழை போல ஓடும் வெள்ளைக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை வெள்ளி. வெள்ளித் தூளும் கண்ணாடித் தூளும் எண்ணெய்ப் பசையும் கலந்த ஒரு களி. கல்யாணப் பத்திரிகைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்வதுபோல அதைத் தகட்டில் அச்சடிப்பார்கள். பிறகு 700, 800 டிகிரிச் சூட்டில் சில வினாடி ஓட்டி எடுப்பார்கள். கண்ணாடித் தூள் உருகி மேல்பூச்சை அரித்து வழிவிட, வெள்ளி சிலிக்கானைத் தொட்டு உட்காரும். அவ்வளவும் திறந்த காற்றில் நடக்கிறது. செம்புத் தூளை அதே உலையில் அதே காற்றில் விட்டால் களிம்பாகிவிடும். அதைவிட மோசம், செம்பு சிலிக்கானுக்குள் ஊறி இறங்கும். இறங்கினால் அந்தச் செல்லுக்கு விஷம். 25 வருஷ உத்தரவாதம் கொடுத்து விற்கும் பொருள் அது.

வழி இல்லாமல் இல்லை. நடுவில் நிக்கல் தடுப்புப் பூசி, அதன் மேல் செம்பை முலாம்போல ஏற்றலாம். வெள்ளி உறை போட்ட செம்புத் தூளைக் குறைந்த சூட்டில் இறுக வைக்கலாம். சீனாவில் ஐகோ என்ற நிறுவனம் வெள்ளியே இல்லாத செல்களைச் செய்து விற்கிறது. ஆகவே உங்கள் வியாபாரி சொன்னது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய அச்சு இயந்திரங்களை ஓரம் கட்டி, முலாம் தொட்டிகள் கட்டி, கழிவு நீருக்கு வழி செய்து, வங்கிக்காரரை நம்ப வைத்து மாற வேண்டும். ஆறு மாதத்தில் முடிகிற காரியமா அது?

மெலிய வைப்பதோ எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. 2009 வாக்கில் ஒரு செல்லுக்குச் சுமார் அரை கிராம் வெள்ளி போனது. பத்தே ஆண்டில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. அப்படியானால் சோலாருக்குப் போகும் மொத்த வெள்ளி குறைந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. சில்வர் இன்ஸ்டிட்யூட் கணக்குப்படி 2021-ல் சுமார் 2,800 டன், 2024-ல் 6,100 டன்னுக்கு மேல். ஒவ்வொரு தகட்டிலும் மிச்சம் பிடித்தார்கள். மிச்சம் பிடித்ததால் தகடு மலிந்தது. மலிந்ததால் ஊரெல்லாம் கூரையில் ஏறியது. பின்னால் வந்த புது வகைச் செல்களுக்கு முன்பைவிடக் கூடுதல் வெள்ளியும் தேவைப்பட்டது.

ஒரு தொழிலே வெள்ளியை மொத்தமாகக் கைவிட்டால் என்ன ஆகும் என்றும் நீங்கள் கேட்கலாம். அதுவும் நடந்திருக்கிறது, நம் கண் முன்னால்.

முதலில் நாணயம். நான் இருக்கும் இந்தத் திருமுல்கேரி பழைய கன்டோன்மென்ட். மதராஸ் பட்டாளத்தோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கின்றன. அந்தக் காலத்தில் இங்கே இரண்டு ரூபாய் புழங்கியது. பட்டாளச் சம்பளம் பிரிட்டிஷ் ரூபாய், அதற்குக் கல்தார் என்று பேர். நகரத்துக்குள் சார்மினார் படம் போட்ட நிஜாம் ரூபாய், ஹாலி சிக்கா. ஏழு ஹாலிக்கு ஆறு கல்தார் என்பது மாற்றுக் கணக்கு. இரண்டுமே வெள்ளி. இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940-ல் பிரிட்டிஷ் ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி இருந்த இடத்தில் பாதி வெள்ளி ஆனது. நிஜாம் ரூபாயும் அடுத்த சில ஆண்டுகளில் பாதியானது. 1947-ல் ரூபாய் முழு நிக்கல். போர்க் காலத்தில் நாணயத்துக்கு வெள்ளி போதாமல் அமெரிக்காவிடமிருந்து 22 கோடி அவுன்சுக்கு மேல் கடனாக வாங்கினோம், சுமார் 7,000 டன். போர் முடிந்து பத்து வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்தோம்.

அதே போரில் அமெரிக்காவில் இதற்குத் தலைகீழான ஒன்று நடந்தது. அணுகுண்டுக்காக யுரேனியத்தைப் பிரிக்க ஓக் ரிட்ஜ் என்ற இடத்தில் பெரும் காந்தங்கள் கட்டினார்கள். சுருள் சுற்றச் செம்பு கிடைக்கவில்லை, எல்லாம் தோட்டாவுக்கும் கம்பிக்கும் போய்விட்டது. 1942-ல் அரசுக் கருவூலத்தில் சும்மா கிடந்த வெள்ளியில் 13,000 டன்னுக்கு மேல் கடன் வாங்கிச் செம்புக்குப் பதிலாக வெள்ளியைச் சுற்றினார்கள். கடைசிப் பாளம் திரும்பியது 1970-ல். அந்த ஆண்டுகளில் செம்புதான் அரிது, வெள்ளிதான் மாற்று. எது எதற்கு மாற்று என்பதை அன்றைய தட்டுப்பாடு தீர்மானிக்கிறது.

அடுத்தது ஊட்டி. உங்களுக்கு நினைவிருக்க வயதில்லை. ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது, 1960-ல் மத்திய அரசு தொடங்கிய ஆலை. நம் ஊர்ச் சினிமாப் பிலிமும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிமும் அங்கே இருட்டறையில் உருவாயின. வெள்ளிப் பாளத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, உப்பாக்கி, ஜெலட்டினில் குழைத்துப் பிலிமில் பூச வேண்டும். ஒளி பட்ட துகள் கருக்கும். நாம் பார்த்த ஒவ்வொரு கறுப்பு வெள்ளைப் படத்தின் கறுப்பும் வெள்ளிதான். உங்கள் தாத்தாவின் கல்யாணப் படத்தில் இருப்பதும் அதுவே. டிஜிட்டல் வந்தது. அதில் வெள்ளிக்குப் பதில் இன்னொரு உலோகம் வரவில்லை. பிலிம் என்ற முறையே போய்விட்டது. ஊட்டி ஆலை 1990-களில் நலிந்த நிறுவனமாகி, பிறகு மூடியேவிட்டது. உலக அளவில் 1990-களின் கடைசியில் படத் தொழிலுக்கு ஆண்டுக்கு 6,000 டன்னுக்கு மேல் போன வெள்ளி, இன்று 1,000 டன்னுக்கும் கீழே.

இப்போது உங்கள் வியாபாரியின் கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். இவ்வளவு பெரிய தேவை அடியோடு சரிந்த அந்த இருபத்தைந்து வருஷத்தில் விலை என்ன ஆனது? 2000 வாக்கில் ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், ஐந்து டாலர். 2025 அக்டோபரில் 50 டாலரைத் தாண்டியது. அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் சந்தையை வளைத்துப் பிடிக்க முயன்ற 1980 ஜனவரி விலையையும் அது கடந்துவிட்டது. தீபாவளிக்கு நம் நாட்டு வியாபாரிகள் கேட்ட வெள்ளி லண்டன் கிடங்குகளில் போதாமல் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் பாளங்கள் போயின. தங்கத்தைத்தான் விமானத்தில் அனுப்புவார்கள், எடைக்கு எடை மலிவான வெள்ளியைக் கப்பலில்தான் அனுப்புவது வழக்கம்.

ஒரு பக்கம் தேவை போனால் இன்னொரு பக்கம் வந்துவிடுகிறது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி சுரங்கத்தில் இருக்கிறது. அதைத்தான் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கென்று தோண்டும் சுரங்கம் உலகில் குறைவு. வெளியே வரும் வெள்ளியில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல், ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கம் இவற்றுக்காகத் தோண்டும்போது கூடவே வருவது. நம் நாட்டில் ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் இருக்கும் ராம்புரா அகுச்சாவைப் பாருங்கள். உலகின் மிகப் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்று. இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் அங்கேயும் சிந்தேசர் குர்த் போன்ற மற்றச் சுரங்கங்களிலும் துத்தநாகமும் ஈயமும் எடுக்கிறது. கூட வரும் வெள்ளியை உத்தராகண்டின் பந்த்நகரில் சுத்தம் செய்கிறது. 2024-25-ல் அப்படி வந்தது 687 டன். அதே சமயம் 2024-ல் நாம் வெளிநாட்டிலிருந்து வாங்கியது 7,000 டன்னுக்கு மேல். நம் மண்ணின் வெள்ளி, வாங்குவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வெள்ளி விலை இரட்டிப்பானால் ராம்புரா அகுச்சாவில் இரண்டு மடங்கு தோண்டுவார்களா? மாட்டார்கள். அங்கே கணக்கு துத்தநாகத்தின் கணக்கு. மிதமிஞ்சித் தோண்டினால் துத்தநாக விலை சரியும், வெள்ளியில் வந்த லாபம் அதில் போய்விடும். நெல் விலை படுத்துக் கிடக்கும்போது வைக்கோலுக்கு விலை ஏறியது என்று யாரும் கூடுதலாக நெல் நடுவதில்லை. வெள்ளி இன்றைய உலகத்தில் அந்த வைக்கோல். 2024-ல் உலகச் சுரங்கங்கள் தந்தது சுமார் 25,500 டன், பழைய நகையையும் கழிவையும் உருக்கி வந்தது 6,000 டன். தேவை 36,000 டன்னுக்கு மேல், அதில் தொழிற்சாலைகள் மட்டும் 21,000 டன். 2021 முதல் ஒவ்வோர் ஆண்டும் இப்படித் துண்டு விழுகிறது. கிடங்கிலிருந்து எடுத்து ஈடுகட்டுகிறார்கள்.

இனி நம் தெருவுக்கு வருவோம். லால் பஜார் பக்கம் ஏ.சி. பழுதுபார்க்கும் பையன் ஒருவன் இருக்கிறான். செம்புக் குழாயைப் பற்றவைக்க முன்பு வெள்ளி கலந்த ராடு வைத்திருந்தான். இப்போது வெள்ளியே இல்லாத பாஸ்பரஸ் செம்பு ராடுதான். செம்போடு செம்பு சேர்க்க அது போதும். இரும்புக் குழாயோடு சேர்க்க வேண்டிய இடத்தில் மட்டும் பையிலிருந்து பழைய ராடை எடுக்கிறான், ஏனென்றால் பாஸ்பரஸ் இரும்பில் பட்டால் அந்த மூட்டு நொறுங்கும். அவன் வாடிக்கையாளருக்கு மாறியதே தெரியாது, தெரியவும் வேண்டாம். கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுக்கும் குங்குமச் சிமிழும் தட்டும் இந்த நகரத்தில் இப்போது பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது, பேரில் தவிர வெள்ளி ஒரு குன்றிமணிகூட இல்லை. நம் தமிழிலேயே எவர்சில்வர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் வசதியானவர்கள் வெள்ளித் தம்ளர் வைத்திருந்தார்கள், பிறகு துருப்பிடிக்காத இரும்பு அதன் பேரையும் எடுத்துக்கொண்டு எல்லார் வீட்டுக்கும் வந்தது. உங்கள் சேலத்து உருக்காலையில் உருண்டதும் அதுதான். நல்ல காரியம். ஏழை வீட்டுக்கும் அழியாத பாத்திரம் கிடைத்தது.

சோலார்காரருக்குச் செம்பு இருக்கிறது, ஏ.சி. பையனுக்கு வேறு ராடு இருக்கிறது, பரிசு கொடுப்பவருக்கு ஜெர்மன் சில்வர் இருக்கிறது. கொலுசுக்கு என்ன இருக்கிறது, தம்பி? காலில் வெள்ளிதான் போடுவார்கள். அதிலும் வாங்குகிறவள் அழகை மட்டும் வாங்கவில்லை, கஷ்டத்துக்கு அடகு வைக்க ஒரு எடையை வாங்குகிறாள். அதில் வேறு உலோகம் சேர்த்தால் அவள் சேமிப்பில் கை வைப்பதாகும். தட்டுப்பாடு வரும்போது மாற்று உள்ளவர்கள் விலகிக்கொள்கிறார்கள், மாற்று இல்லாதவர்கள் முழுச் சுமையையும் வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் பட்டறையில் நாலு இடம் காலியானதற்கு இதுதான் காரணம், உங்கள் திறமைக் குறைவு அல்ல. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். சோலார் ஆலைக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் அரசாங்கம், விலை ஏறும் காலத்தில் கொலுசுத் தொழிலாளிக்குச் சிறு வட்டியில் வெள்ளியைக் கடனாகத் தரலாம். தங்க நகை ஏற்றுமதியாளருக்கு வங்கிகள் தங்கத்தையே கடனாகக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். உங்கள் சங்கத்தில் இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேட்டுக் கிடைக்கும்வரை என்ன செய்வது? என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

பீதர் வேலை பார்த்திருக்கிறீர்களா? பீதர் 1956 வரை ஐதராபாத் ராஜ்யத்தில் இருந்த ஊர், இப்போது கர்நாடகம். பதினாறு பங்கு துத்தநாகத்துக்கு ஒரு பங்கு செம்பு சேர்த்து வார்த்த குடுவையில் உளியால் கோடு வெட்டி, அதில் வெள்ளிக் கம்பியைத் தட்டி இறக்குவார்கள். பிறகு பீதர்க் கோட்டை மண்ணையும் நவச்சாரத்தையும் கலந்து கொதிக்க வைத்துத் தேய்க்க, துத்தநாகம் மட்டும் மை போல் கறுக்கும். வெள்ளி மின்னும். ஒரே தாதுவில் கூடப் பிறந்த இரண்டு உலோகங்கள், பிரித்தெடுத்த பிறகு ஒரு குடுவையில் மறுபடி சேர்கின்றன. மொத்த எடையில் வெள்ளி கொஞ்சமே, விலையில் பெரும்பங்கு கைவேலை. கரீம்நகரில் வெள்ளியை நூலாக இழுத்து முறுக்கிப் பூவேலை செய்கிறார்கள், புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. அங்கேயும் ஒரு கிராமில் அடங்கும் உழைப்பு மிக அதிகம்.

உங்கள் கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கில், வெள்ளி ஏறி வாங்குபவர் எடையைக் குறைத்தால் கூலியும் கூடவே குறையும். ஒரு ஜோடிக்கு இத்தனை மணி நேரம், இவ்வளவு கூலி என்று எடையிலிருந்து பிரித்துக் கேட்க ஆரம்பியுங்கள். முதல் நாளே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இருபது பட்டறை சேர்ந்து கேட்டால் பேசத் தொடங்குவார்கள். எடைக்காக வாங்கும் அம்மாவுக்குப் பழையபடி கனமான கொலுசும், அழகுக்காக வாங்கும் பெண்ணுக்குக் கம்பி வேலை செய்த இலேசான கொலுசும் என்று இரண்டு வகை வைத்துப் பாருங்கள்.

டச்சை, அதாவது வெள்ளியின் சுத்தத்தை, மட்டும் சொல்லாமல் குறைக்காதீர்கள். 2025 செப்டம்பரிலிருந்து வெள்ளிக்கும் தனி எண்ணோடு ஹால்மார்க் வந்திருக்கிறது. கட்டாயமில்லை, ஆனால் 800 தரத்திலிருந்து முத்திரை கிடைக்கும். வெள்ளி நகையையும் நாணயத்தையும் ஈடாக வைத்து வங்கிக் கடன் தர ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் விதி வகுத்தது. அதை நடைமுறைப்படுத்த 2026 ஏப்ரல் முதல் தேதி கெடு. பாளத்துக்கு அந்தக் கடன் இல்லை, நகைக்கு உண்டு. கொலுசு வங்கியில் செல்லும் பொருளாகிறது என்றால், சுத்தம் தெரிந்த கொலுசைத்தான் வங்கி எடுக்கும். முத்திரை போட்ட பட்டறைக்கு அதில் ஒரு வழி திறக்கிறது.

கடன் விஷயத்தில் ஒன்றே ஒன்று. வெள்ளி வாங்கி வைக்கக் கடன் வாங்காதீர்கள். கம்பி இழுக்கும் மெஷினுக்கு என்றால் யோசிக்கலாம். விலை எந்தப் பக்கம் போனாலும் மெஷின் வேலை செய்யும்.

அடுத்த மாதம் கரீம்நகர் போக இருக்கிறேன். அங்கே நூலை எவ்வளவு மெல்லியதாக இழுக்கிறார்கள், பற்றவைக்க என்ன பொடி போடுகிறார்கள் என்று பார்த்து வந்து எழுதுகிறேன். நீங்கள் இப்போது எந்த கேஜ் வரை இழுக்கிறீர்கள், எந்த இடத்தில் கம்பி அறுகிறது என்று பதில் போடுங்கள். முடிந்தால் அறுந்த துண்டு ஒன்றைக் கடிதத்தோடு வைத்து அனுப்புங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்